பலகைக் கணினியும் நாமும்

சென்ற கல்வியாண்டின் இறுதியில் ஒரு பிற்பகல். இளங்கலை மூன்றாமாண்டு வகுப்பில் காப்பியப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். பாடநூலில் இடம்பெறாத ஒரு பாடவேறுபாட்டை மாணவர்க்குக் காட்ட விரும்பி, நம் கைப்பேசியில் சேமித்து வைத்திருந்த பழம்பதிப்பொன்றின் பக்கத்தைத் திறந்தோம். இரு விரல்களால் விரித்தோம். எழுத்து தெரிந்தது, வரி தெரியவில்லை. சுருக்கினோம், வரி தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. ஓரடியின் முதற்சீரிலிருந்து ஈற்றுச்சீர்வரை திரையைத் தள்ளிக்கொண்டே போய், மீண்டும் இழுத்துக்கொண்டு வந்து அடுத்த அடியைப் பிடிப்பதற்குள் வேறோர் அடிக்குப் போயிருந்தோம். நெசவாளர் கையில் நாடா ஓடுவது போல நம் விரல் ஓடியதேயன்றிப் பாட்டு ஓடவில்லை. முன்வரிசையிலிருந்த மாணவி ஒருவர் மெல்ல எழுந்து, “ஐயா, நீங்க ஒரு டேப் வாங்கிடலாமே” என்றார். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆனால் அச்சொல் மணியடித்த பின்னரும் நம்மோடு மிதிவண்டி நிறுத்துமிடம் வரை வந்தது.

மாணவர்கள் ‘டேப்’ என்று சுருக்கிச் சொல்லும் அக்கருவியைக் கைக்கணினி என்றும் பலகைக் கணினி என்றும் தமிழில் எழுதுகின்றனர். நமக்குப் பின்னதே உவப்பானது. நம் தலைமுறையினர் சிலேட்டுப் பலகையில் அகரம் பயின்றவர்கள்; பலப்பம் தேய்ந்து நகம் கீறும் ஒலி இன்னும் காதில் இருக்கிறது. நம் அத்தா காலத்தவர் ஓதப்பள்ளியில் மரப்பலகையில் அலிஃப் எழுதிக் கழுவி, மறுபடி எழுதியவர்கள். ஆகவே பலகை நமக்குப் புதிதன்று, விலைதான் புதிது.

இக்கருவியின் வரலாறு நாம் நினைப்பதைவிடப் பழையது. அமெரிக்க அறிஞர் ஆலன் கே, 1972ஆம் ஆண்டிலேயே, குழந்தைகளும் கையில் ஏந்திச் செல்லத்தக்க நூலளவுக் கணினியொன்றை எழுத்தில் வரைந்து காட்டி, அதற்கு ‘டைனாபுக்’ எனப் பெயரிட்டார். அன்று அதைச் செய்ய வல்ல பொருள்கள் இல்லை. 2002இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் எழுதுகோலால் இயங்கும் பலகைக் கணினிகளுக்கென விண்டோசை அமைத்தளித்தனர், அவை பரவலாகவில்லை. 2010இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேட் வந்த பின்னரே இவ்வினம் வீடுகளுக்குள் நுழைந்தது. நம் நாட்டில் 2011 அக்டோபரில் ‘ஆகாஷ்’ என்னும் பெயரில் மாணவர்க்கான மலிவுவிலைப் பலகையொன்றை நடுவணரசு அறிமுகப்படுத்தியது. ஏழு அங்குலத் திரை. அந்நாளில் ஆசிரியர் அறைகளில் அதுவே பேச்சு. சில ஆண்டுகளில் பேச்சு அடங்கிற்று, பலகையும் கண்ணில் படவில்லை.

இனி நம் நிலைமையைச் சொல்லவேண்டும். நாம் சுயநிதிப் பிரிவில் பணியாற்றுபவர். ஆய்வியல் நிறைஞர் பட்டம் பெற்று ஆண்டுகள் பல ஆகிவிட்டன. முனைவர் பட்ட ஆய்வைப் பகுதிநேரமாக நடத்திவருகின்றோம், அல்லது அது நம்மை நடத்திவருகின்றது. இஸ்லாமியத் தமிழ்க் காப்பியங்களின் அச்சுப் பதிப்புகள் பற்றியது ஆய்வு. மூத்த மகள் மேனிலை இரண்டாமாண்டு. வீட்டில் அத்தா. நல்ல பலகைக் கணினி ஒன்று இருபதாயிரம் ரூபாய்க்குக் குறையாது என்று விசாரித்தறிந்தபோது, அத்தொகையை நம் குடும்பத்தின் பிற தேவைகளோடு நிறுத்துப் பார்த்தோம். எந்தத் தட்டில் எதை வைத்தாலும் பலகை மேலேதான் நின்றது.

நம் துணைவியார் அதிகம் பேசுபவர் அல்லர். “புத்தகம் வாங்கினா அலமாரி கேக்குது. இது வாங்கினா என்ன கேக்கும்?” என்று மட்டும் கேட்டார். ஆய்வேட்டின் முதலியலில் வைக்கத்தக்க வினா அது. உறை கேட்கும், திரைமேல் ஒட்டும் கண்ணாடி கேட்கும், வீட்டில் ஏற்கெனவே குறைவாயுள்ள மின்செருகு இடங்களில் ஒன்றைக் கேட்கும், சில ஆண்டுகளில் மின்கலம் கேட்கும். நமக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொன்னோம். “அப்ப யோசிங்க” என்று எழுந்து போய்விட்டார்.

யோசிப்பதற்கு ஒரு வாய்ப்பும் கிட்டியது. வணிகவியல் துறை நண்பர் ஒருவர் கோடை விடுமுறையில் ஊருக்குப் போகையில், தம்முடைய பத்தங்குலப் பலகையை நம்மிடம் கொடுத்து, “ரெண்டு வாரம் வச்சுப் பாருங்க பாய், பிடிச்சா வாங்குங்க” என்றார். கடையில் ஐந்து நிமிடம் தடவிப் பார்த்து வாங்குவதைவிட இம்முறை எவ்வளவோ மேலானது. வாங்க எண்ணுவோர் எவரும் இரவல் பெற்றுப் பார்ப்பது நலம்.

முதல் நாளே ஓர் உண்மை புலப்பட்டது. நம் அலமாரியிலிருந்து டெம்மி அளவு நூலொன்றை எடுத்துப் பலகையின்மேல் வைத்தோம். ஏறத்தாழப் பொருந்திற்று. ஐயம் தீர அடிக்கோல் கொண்டு அளந்தோம். டெம்மி நூலின் பக்கம் ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் அகலமும் 21.5 சென்டிமீட்டர் உயரமும் உடையது. பலகையின் திரையோ அகலத்தில் 13.5, உயரத்தில் 21.5. பத்தங்குலம் என்பது மூலைக்கு மூலை அளந்த அளவு. ஆக, தமிழ் நூல்கள் மிகுதியாக அச்சாகும் அளவிலேயே அத்திரை அமைந்திருக்கிறது. அமைத்தவர் டெம்மியை நினைத்திருக்கமாட்டார், தற்செயல்தான். ஆயினும் நமக்கு அது பெரிது. நம் கைப்பேசித் திரையின் அகலம் ஏழு சென்டிமீட்டர்கூட இல்லை. பத்துப் புள்ளி அளவில் அச்சான எழுத்து அதில் ஐந்து புள்ளியாகச் சுருங்கிவிடும். வகுப்பில் நம் விரல் பட்ட பாட்டுக்குக் காரணம் இதுவே. பலகையில் பக்கம் பக்கமாகவே நின்றது. அடி நான்கும் ஒருசேரக் கண்ணுக்குத் தெரிந்தன. அடிக்குறிப்பும் அடியிலேயே இருந்தது.

“பக்கத்தைப் படமாகப் பார்ப்பதேன்? எழுத்தாகவே கிடைக்கின்றனவே” எனலாம். இங்கே சற்று விரித்துரைக்க வேண்டும். மாணவர்களும் இதை அறிந்திருத்தல் தகும். மின்னூல் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இருவகை உண்டு. ஒன்று, நூலின் பக்கத்தை ஒளிவருடி எடுத்த படம். கணினிக்கு அது வெறும் புள்ளிக் கூட்டம். அதில் ‘க’ எது, ‘ச’ எது என அதற்குத் தெரியாது. மற்றொன்று, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சு செய்யப்பெற்ற பனுவல். ஒருங்குறி என்னும் உலகளாவிய குறியீட்டு முறையில் 1991 முதலே தமிழுக்கு இடமுண்டு. அம்முறையில் தட்டச்சான எழுத்து ஒவ்வொன்றும் ஓர் எண். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானே மடங்கி அடுத்த வரிக்கு வரும்; ஒரு சொல்லைத் தேடினால் அகப்படும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்குமுள்ள தமிழன்பர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்து தந்தவை இவ்வகையின. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் நிறுவனத்தின் மின்னூலகத்திலோ, இரண்டும் உள. பழம்பதிப்புகள் பெரும்பாலும் படங்களே.

படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள்கள் வந்துவிட்டன. அண்மைக்கால அச்சில் அவை நன்றாகவே படிக்கின்றன. பழைய அச்சிலோ தடுமாறுகின்றன. சொற்களைப் பிரிக்காது தொடர்ந்து கோத்த வரிகள், மங்கிய மை, மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரியும் தாள், 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் வழங்கிய ணை, லை, ளை, னை, றா முதலியவற்றின் பழைய வடிவங்கள். சீறாப்புராணம் முதன்முதலாக அச்சேறியது 1842இல். செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்கள். அக்காலத்து அச்சையும் அதை அடுத்து வந்த பதிப்புகளையும் ஒப்பிட்டு ஆராய்வோர் பக்கத்தைப் பக்கமாகவே காணவேண்டும். எழுத்தாக்கிய பனுவல் அவர்க்கு உதவாது. எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்றே தெரியாத மின்பனுவலை மேற்கோளாகக் காட்டிவிட்டு, பதிப்பாண்டு கேட்டால் விழிக்கும் ஆய்வுத் திட்டக் கட்டுரைகளை ஆண்டுதோறும் திருத்துகின்றோம். அவ்வெரிச்சலும் இப்பத்தியில் கலந்துவிட்டது, பொறுத்தருள்க.

ஆகவே, முதல் மூன்று நாட்களில் நாம் ஏறத்தாழ விலைகொடுத்தே விட்டோம். சென்னை சென்று நூலகங்களில் நாள் கணக்கில் அமர்ந்து குறிப்பெடுக்க விடுப்பும் பணமும் வாய்க்காத ஒருவருக்கு, கிடைத்த பதிப்புகளின் படங்களையெல்லாம் ஒரு கையில் ஏந்திப் படிக்க முடிவது சிறு பேறன்று. முந்நூறு பக்க நூலின் படக்கோப்பு நாற்பது மெகாபைட் அளவில் இருக்குமாயின், நாற்பது கிகாபைட் இடத்தில் ஆயிரம் நூல்கள் அடங்கும். நம் வீட்டில் ஆயிரம் நூல்களுக்கு இடமில்லை. இருந்த நூல்களிலும் ஒரு பகுதியை எட்டாண்டுகளுக்கு முன் கறையான் வாசித்துவிட்டது.

நான்காம் நாள் இரவு வேறொன்று நிகழ்ந்தது. இஷாத் தொழுகைக்குப்பின் ஒரு பதிப்பின் முன்னுரையைப் படிக்க அமர்ந்தோம். இடையில் ஓர் ஐயம், இணையத்தில் தேடினோம். அங்கிருந்து ஒரு சொற்பொழிவுக் காணொளி, அதனருகே மற்றொன்று, அதன்பின் எவரோ மாம்பழ ஊறுகாய் போடுவது. தலைநிமிர்ந்தபோது மணி பன்னிரண்டரை. முன்னுரையின் இரண்டாம் பக்கத்தில் இருந்தோம். கைப்பேசியிலும் இவ்விடர் உண்டெனினும், அதன் திரை சிறிதாகையால் கண் களைத்துவிடும். பலகையில் அக்களைப்பும் வருவதில்லை. மறுநாள் முதல் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டே படித்தோம். சிம் அட்டை இடும் வசதியுள்ள பலகை நமக்கு வேண்டா என்று முடிவு செய்தது அன்றுதான். அதனால் விலையிலும் சில ஆயிரம் குறைந்தது.

பிற குறைகளையும் சொல்லவேண்டும். கருவி அரைக்கிலோ எடை. உறையோடு முக்கால் கிலோவை நெருங்கும். படுத்துக்கொண்டு படிக்கையில் உறக்கம் வந்தால் நூல் மார்பில் விழும். இது மூக்கில் விழுந்தது. குழல்விளக்கின் நேர்கீழே அமர்ந்தால் பக்கத்தில் விளக்கும் தெரியும், நம் முகமும் தெரியும். திரைக்குப் பின்னிருந்து ஒளி வருவதால் இரண்டு மணி நேரத்துக்குமேல் கண் உறுத்துகிறது. மின்தாள் திரை கொண்ட படிப்பான்களில் இவ்வுறுத்தல் இல்லை. 2007இல் வந்த கிண்டில் அவ்வகையது. 2016 முதல் தமிழ் நூல்களும் அதற்குக் கிடைக்கின்றன. கதையும் கட்டுரையும் படிப்போர்க்கு அதுவே சிறந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எளிய விலையில் கிடைக்கும் ஆறேழு அங்குலத் திரையில் பழைய பக்கப் படம் கைப்பேசியில் பட்ட பாட்டையே படுகிறது. பத்தங்குல மின்தாள் கருவியோ பலகையைவிட விலை கூடியது.

எழுதுவதற்கும் இதில் முயன்றோம். தமிழ்99 விசைப்பலகை திரையிலேயே தோன்றியது. ஒரு பத்தி தட்டுவதற்குள் விரல்நுனி மரத்துப்போயிற்று. கண்ணாடியில் விசைக்கு ஆழமில்லை. கண் பார்க்காமல் விரல் இடமறியாது. தனி விசைப்பலகையும் எழுதுகோலும் வாங்கினால் குறை தீரும் என்று கடையில் சொன்னார்கள். அவ்விரண்டின் விலையையும் கூட்டிப் பார்த்தால் ஒரு நடுத்தர மடிக்கணினியின் விலை வந்து நின்றது. எழுதவேண்டுமென்பார் மடிக்கணினியே வாங்குதல் அறிவுடைமை. நம்மிடம் ஏழாண்டுப் பழைய மடிக்கணினி ஒன்று உண்டு. முனகிக்கொண்டே வேலை செய்யும். எழுத்துப்பணிக்கு அது போதும்.

இரண்டாம் வாரத்தில்தான் அத்தாவின் கையில் பலகையைக் கொடுத்தோம்.

அத்தா துணிக்கடையொன்றில் நாற்பதாண்டு கணக்கெழுதியவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது, வாசிப்பு நிற்கவில்லை. நம்மைத் தமிழ் படிக்க அனுப்பியவரும் அவரே. உறவினர் பலர் வணிகவியலைச் சொன்னபோது, “அவன் இஷ்டம்” என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவைத்தார். நீரிழிவு அவருடைய விழித்திரையைத் தின்றுவிட்டது. இரு கண்களிலும் புரை நீக்கியாயிற்று; அதற்குமேல் மூக்குக்கண்ணாடி மாற்றிப் பயனில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உருப்பெருக்கிக் கண்ணாடியை ஒரு கையில் பிடித்து மறுகையில் நூலைப் பிடிப்பார். இரு கைகளும் நடுங்கும். சென்ற ஓராண்டாக நாளிதழின் தலைப்புகளை மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவார். கேட்டால், “உள்ள ஒண்ணும் விசேஷமில்ல” என்பார்.

நாம் நம்பிக்கையோடு ஒரு பழைய நூலின் படப்பக்கத்தைத் திறந்து, பெரிதாக்கிக் கொடுத்தோம். வகுப்பில் நமக்கு நேர்ந்ததே அவர்க்கும் நேர்ந்தது. அவர் விரல் நடுங்குவதால் இருமடங்காக நேர்ந்தது. பக்கம் தாவித் தாவிப் போயிற்று. “எழுத்தப் பெருசாக்குனா வரி ஓடிருது, வரியப் பிடிச்சா எழுத்து சிறுத்துருது. இது ஒனக்குத்தான் சரி” என்று திருப்பித் தந்துவிட்டார். இரண்டு வாரமாக நாம் படத்தின் பெருமையை எண்ணி மகிழ்ந்திருந்தோம் அல்லவா? அது நம் கண்ணுக்கு உரிய பெருமை.

மறுநாள் தட்டச்சான பனுவல் ஒன்றை இறக்கினோம். எழுத்தை விரலளவுக்குப் பெரிதாக்கி, வெள்ளைப் பின்புலத்தைக் கறுப்பாகவும் கறுப்பெழுத்தை வெள்ளையாகவும் மாற்றி அமைத்தோம். ஒரு திரைக்கு ஏழெட்டு வரிதான் கொள்ளும். ஆனால் வரி ஓடவில்லை. பக்கம் திருப்ப ஓரத்தைத் தொட்டால் போதும். திண்ணையில் சாய்வு நாற்காலியில் மடிமேல் தலையணை வைத்து, அதன்மேல் பலகையைச் சாய்த்துக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டோம். அரைமணி நேரம் கழித்து எட்டிப்பார்த்தபோது உதடு அசைந்துகொண்டிருந்தது. அத்தா எப்போதும் அப்படித்தான் படிப்பார், மறந்தே போயிருந்தோம்.

நண்பர் ஊரிலிருந்து வந்தார். பலகையைத் துடைத்துக் கொடுத்தோம்.

அதன்பின் ஏறத்தாழ ஐந்து மாதம் நாம் பலகை வாங்கவில்லை. கடைகளில் ‘வட்டியில்லாத் தவணை’ என்று எழுதிவைத்திருந்தார்கள். வட்டியில்லை என்றால் தடையில்லையே என்று எண்ணி, வணிகவியல் நண்பரிடமே விளக்கம் கேட்டோம். கடனட்டைவழித் தவணையில் வங்கி வட்டியைக் கணக்கிடத்தான் செய்கிறது. அதற்கு ஈடான தொகையை விற்பவர் விலையில் கழித்துக் காட்டுகிறார். வட்டியின்மீது விதிக்கும் சரக்கு சேவை வரி வாங்குவோர் தலையில் விழுகிறது என்றார். பூச்சிய வட்டி என்பதே இல்லாத ஒன்று என 2013இல் ரிசர்வ் வங்கி தன் சுற்றறிக்கையொன்றில் வங்கிகளுக்குச் சொல்லியிருப்பதையும் எடுத்துக்காட்டினார். ஆகவே அவ்வழியை விட்டோம். விடைத்தாள் திருத்திய தொகையும், துணைவியார் தம் சீட்டுப் பணத்திலிருந்து கேளாமலே எடுத்துக் கொடுத்த பகுதியும் சேர்ந்தபின் ரொக்கமாகவே வாங்கினோம். ‘அப்ப யோசிங்க’ என்றவர் என்ன யோசித்தார் என்று நாம் கேட்கவில்லை. திண்ணையை அவரும் பார்த்திருப்பார்.

வாங்குமுன் நமக்கிருந்த ஒரு தயக்கம் இன்னும் தீர்ந்தபாடில்லை. லித்தியம் மின்கலம் சில நூறு முறை முழுதாக ஏற்றி இறங்கியபின் கொள்ளளவு குறைந்துகொண்டே வரும். கருவியைப் பிரித்து அதை மாற்றுவதும் எளிதன்று, ஒட்டிவைத்திருக்கிறார்கள். மென்பொருளுக்கு நிறுவனத்தார் தரும் புதுப்பிப்பும் சில ஆண்டுகளே. நூலை வாங்கினால் பேரனுக்கும் நிற்கும், கறையான் மனம்வைத்தால். இதை ஐந்தாறு ஆண்டுக்கு வாடகைக்கு எடுத்ததாகக் கணக்கு வைத்துக்கொள்வதே சரி. அப்படி வகுத்துப் பார்த்தால் மாதம் முந்நூறு ரூபாய்க்குச் சற்றே மேல் வருகிறது. ஆய்வுக்கென நாம் சென்னைக்கு ஒருமுறை போய்வரும் செலவில் நான்கைந்து மாத வாடகை அடங்கும். ஆய்வு செய்யாதவர், படிக்கும் நூல் கைப்பேசியிலோ அலமாரியிலோ வசதியாகக் கிடைக்கப் பெற்றவர், திரைப்படம் பார்ப்பதற்கென்று மட்டும் வாங்க நினைப்பவர், இவர்களுக்கு இது வேண்டா என்றே சொல்வோம். குழந்தையை அமைதிப்படுத்த வாங்குவோரிடம் நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை. அவர்கள் கேட்கும் நிலையில் இருக்கமாட்டார்கள்.

அத்தாவிடம் ஒரு சிறுநூல் உண்டு. முனாஜாத்துப் பாடல்கள். மேலட்டை இல்லை, முதல் நான்கு தாள் கறையானுக்குப் போயிற்று, ஆகவே நூலின் பெயரோ, அச்சிட்டவர் பெயரோ, ஆண்டோ தெரியாது. எழுத்தமைப்பைப் பார்த்தால் மிகப் பழையது. அவருடைய அம்மா மஃரிபுக்குப்பின் விளக்கடியில் பாடக் கேட்ட பாடல்கள் என்பார். பலகை வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள், “அது இதுல வருமா?” என்று கேட்டார். தேடினோம். தேடுவதற்குப் பெயர் வேண்டும். முதலடிகளைக் கொண்டு தேடியும் எங்கும் அகப்படவில்லை. பலகையிலுள்ள படக்கருவியால் தாள்களைப் படமெடுத்தோம். படத்தை எழுத்தாக்கும் மென்பொருளிடம் கொடுத்தோம். அது தந்ததைத் திருத்துவதைவிடப் புதிதாகத் தட்டுவது எளிது. எனவே இரவு உணவுக்குப்பின் பழைய மடிக்கணினியைத் திறந்து, நாளொன்றுக்கு இரண்டு பாடல் வீதம் தட்டச்சு செய்து பலகையில் ஏற்றி வருகின்றோம். நம் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் அதனால் சற்றுத் தள்ளிப்போயிருக்கிறது. நெறியாளர் இம்மலரைப் படிக்க நேர்ந்தால் மன்னிப்பாராக.

கறையான் தின்ற நான்கு தாள்களிலிருந்த பாடல்களை அத்தா வாயால் சொல்ல நாம் எழுதிக்கொண்டோம். இரண்டு பாடல்கள் முழுமையாக வந்தன. மூன்றாவதில் மூன்றாமடி வரவில்லை. அவ்விடத்தில் புள்ளிகள் இட்டு வைத்திருக்கின்றோம். நினைவு வந்தால் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.

இப்போது அஸர் தொழுகைக்குப்பின் மஃரிபு வரை பலகை அத்தாவிடம். நமக்கு அது கிடைப்பது இரவு ஒன்பதுக்குமேல்தான். நேற்று அதைத் திருப்பித் தரும்போது, பத்தொன்பதாம் பாட்டின் இரண்டாமடியைத் திறந்து விரலை வைத்துக் காட்டினார். ‘கேட்டுக் கொடுத்தாய்’ என வரவேண்டிய இடத்தில் நாம் ககர ஒற்றை விட்டுவிட்டிருந்தோம்.

“காலேஜுல தமிழ்தானே சொல்லிக் குடுக்குற?” என்றார்.

இன்றிரவு திருத்தவேண்டும்.